பிள்ளை இன்றிரவு எங்கே தூங்கும்?

மலேசியாவில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது அறுபதைத் தாண்டியவர்களிடம், "சின்ன வயதில் வீட்டை விட்டு வெளியே தங்கியிருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி விளங்காமல் ஒரு கணம் முகத்தைப் பார்ப்பார்கள். வெளியே என்றால் எது? லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். பல இடங்களில் நடுச்சுவர் கூரை வரை எட்டாது. இந்தப் பக்கம் பிள்ளை இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து "தைலம் தேய்ச்சியா?" என்று குரல் வரும். பெரியம்மா வீட்டு அஞ்சடித் திண்ணையில் ரேடியோ கேட்டபடியே கண்ணயர்ந்துவிட்ட பையனை எழுப்பி இழுத்துக்கொண்டு போகிற வழக்கம் கிடையாது. ஒரு கைலியைப் போர்த்திவிட்டு, கால்மாட்டில் கொசுவத்தியை ஏற்றி வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். அவன் அம்மாவும் தேடி வரமாட்டாள்.

"அப்பல்லாம் யாரு பிள்ளைய எண்ணுனா? விடிஞ்சா, எந்த வீட்டுல கெடந்தாலும் எந்திரிச்சு வந்துரும்" என்பார்கள் பாட்டிமார்.

கோல சிலாங்கூர் மாவட்டத்திலும் அதற்குக் கிழக்கே உலு சிலாங்கூரிலும் இருந்த தோட்டங்களின் வாழ்க்கை ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. பொழுது விடியுமுன்பே பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு. தாயும் தகப்பனும் காண்டாவும் வாளியுமாக வெட்டுக்காட்டுக்குப் போய்விட்ட பிறகுதான் பிள்ளைகள் கண் விழிக்கும். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில், கொஞ்சம் வளர்ந்தது தோட்டப் பள்ளியில். பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் நிர்வாகம் ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல தோட்டங்களில் அது ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார், எல்லா வகுப்பும் ஒன்றாக. எப்படியோ, பெற்ற தாய் பக்கத்தில் இல்லாமல் நாளைக் கழிக்கும் பழக்கம் அந்தப் பிள்ளைகளுக்குப் பால்குடி மறக்குமுன்பே வந்துவிட்டது. அதற்காக யாரும் அவர்களைத் தயார்ப்படுத்தவில்லை. வேறு வழி இல்லாததால் வந்த பழக்கம் அது.

பள்ளி விடுமுறை வந்தால் முகாம் என்ற பேச்சே இல்லை. பெரிய பிள்ளைகள் அம்மாவோடு அவள் பால் வெட்டும் மரவரிசைக்கு, நெரைக்குப் போவார்கள். பால் பிடிக்கும் மங்கு துடைக்க வேண்டும், ஒட்டுப்பால் உரிக்க வேண்டும், மழை இருட்டினால் ஓடி ஓடிப் பாலை எடுக்க வேண்டும். கை முழுக்க ஒட்டுப்பால் நாற்றம் ஏறும். எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. வீட்டை விட்டு ஓர் இரவு வெளியே கழிந்தது என்றால் அது தைப்பூசத்தில்தான். தோட்டத்து லாரியில் நின்றபடியே பத்துமலைக்குப் போய், ஆற்றோரத்தில் பாய் விரித்து, தலைமாட்டில் சோற்றுச் சட்டியோடு தூங்கிய இரவு. அங்கும் சுற்றிப் படுத்திருந்தது அதே லயத்து ஜனம்தான்.

இதை ஒரு பொற்காலமாக எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தத் திறந்த கதவுகளுக்குப் பின்னால் நடந்ததெல்லாம் நல்லதல்ல. தெரிந்தவர்கள் என்பதாலேயே சிலரைப் பற்றிப் பேச முடியாமல் போனது. மாமா முறை, தாத்தா முறை என்று அழைக்கப்பட்டவர்கள் கை வைத்ததை வெளியே சொல்லாமலேயே கிழவிகளாகிப் போன பெண்கள் இருக்கிறார்கள். சொன்னால் பழி பெண்ணின் மீதுதான் விழும். குடும்பம் இருப்பதோ தோட்டத்து வீடு. வேலை போனால் வீடும் போகும். எங்கே போய்ச் சொல்வது? ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை இடைநிலைப் பள்ளிக்காகக் கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கப்போனதும் உண்டு. நல்ல வீடாக அமைந்தவர்கள் படித்து மேலே வந்தார்கள். அமையாதவர்கள் அந்த வீட்டுக்குச் சட்டி கழுவி, கைப்பிள்ளை தூக்கி, படிப்பையும் விட்டுத் திரும்பினார்கள். வெளியே அனுப்புவதா வேண்டாமா என்று அப்போது யோசித்ததுண்டு. பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டதாகத்தான் தெரியவில்லை.

அந்த உலகம் கலைந்ததற்கு விதை இந்த மண்ணிலேயே விழுந்தது. பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில், தென்னைமரத்தின் பெயரை ஏந்திய தென்னமராம் தோட்டத்தில், 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். மலாயாவின் முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். பின்னாளில் இந்த வட்டாரத்து வாழ்க்கையை வைத்து 'மலேசி' (Malaisie) என்ற நாவலை எழுதி 1930-இல் கோன்கூர் பரிசு பெற்றவரும் அவரே. அவர் நட்ட செடி, கித்தா மரத்தைத் தோட்டம் தோட்டமாக விரட்டப் பல பத்தாண்டுகள் ஆயின. ரப்பருக்கு நாள்தோறும் நிறையக் கைகள் வேண்டும்; செம்பனைக்கு அத்தனை பேர் வேண்டாம். குலை வெட்டவும் பழம் பொறுக்கவும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். நிலங்கள் கைமாறின, வீட்டுமனைகளாயின. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் தோட்டத்து மக்கள் ஒரு சொந்த வீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் அலைந்தார்கள் என்பது சிலாங்கூர்த் தமிழர்களுக்குத் தெரியும். பத்தாங் பெர்ஜுந்தையே 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. 1957-இல் நாடு முழுக்க 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530-க்குச் சற்றுக் குறைவு. பெயரில் 'லாடாங்' என்று தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கும் பள்ளிகள் பலவற்றுக்குப் பக்கத்தில் இன்று தமிழ் லயம் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் வேனில் வந்து இறங்குகிறார்கள்.

லயத்திலிருந்து கிளம்பியவர்கள் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புஞ்சாக் ஆலாம், சுங்கை பூலோ, ரவாங் என்று மலிவுவிலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள். கழிப்பறை வீட்டுக்குள் வந்தது, குழாயில் தண்ணீர் வந்தது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கதவு இரும்புக் கிரில்லாக மாறியது. அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. கிரில்லுக்குள் பூட்டிய வீட்டில் பிள்ளை கைப்பேசியோடு இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது. கீழே மோட்டார் சைக்கிளோடு கூடி நிற்கும் பையன்கள் எந்தக் குண்டர் கும்பலின் ஆட்களோ என்ற பயம். பிள்ளை கடத்தல் என்று வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு செய்தி. ஒரு காலத்தில் பெற்றோருக்குத் தெரியாமலேயே நான்கு வீட்டில் தூங்கி எழுந்த பிள்ளையின் பேரன், சொந்த அத்தை வீட்டில்கூட ஓர் இரவு தங்கியதில்லை.

முகாமின் தேவை இங்கேதான் பிறக்கிறது. அமெரிக்காவில் கோடை முகாமின் தொடக்கமாக 1861-ஐச் சொல்வார்கள். கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரெடரிக் கன் என்ற பள்ளி ஆசிரியர் தம் மாணவர்களை நீர்க்கரைக்கு அழைத்துப்போய்க் கூடாரம் அடித்த ஆண்டு. பின்பு நகரங்கள் பெருகப் பெருக அந்த வழக்கமும் பெருகியது. மரமும் ஆறும் அறியாமல் தெருவுக்குள் வளரும் பிள்ளைகள் கொஞ்ச நாளாவது காட்டோரம் வாழட்டும் என்பதே அதன் ஆசை. நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது தேவைப்படவில்லை. அல்லூர் வாய்க்கால்களில் மீன் பிடித்தார்கள், காட்டில் விறகு பொறுக்கினார்கள், நல்லபாம்பு எது சாரை எது என்று பார்த்த உடனே சொன்னார்கள். இன்று அதே மாவட்டத்தில் வளரும் அவர்களின் பேரப்பிள்ளைகள் நகரத்துப் பிள்ளைகளாகிவிட்டார்கள். மின்மினியைத் திரையில் மட்டும் பார்த்த பிள்ளைகள் கோல சிலாங்கூரிலேயே இருக்கிறார்கள்.

ஆனால் நம்மிடையே முகாம் வந்த வழி வேறு. அது காட்டைக் காட்ட வரவில்லை. தேர்வில் தேற்ற வந்தது. தோட்டத்துப் பிள்ளை படிப்பில் பின்தங்கினால் தலைமுறையே அழியும் என்ற பயம் நியாயமானது. அந்தப் பயத்திலிருந்துதான் டாக்டர் தம்பிராஜா 1982-இல் ஸ்ரீ முருகன் நிலையம் என்ற கல்வி அமைப்பைத் தொடங்கினார். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதன் வழியே பல்கலைக்கழகம் போனார்கள். இ.டபிள்யு.ஆர்.எஃப். போன்ற கல்வி அமைப்புகள், இளைஞர் மணிமன்றங்கள், கோயில் சமய வகுப்புகள் என்று பலரும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். 1988-இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வாக யு.பி.எஸ்.ஆர். வந்த பிறகு 'தன்முனைப்பு முகாம்' என்பது தமிழ்ப்பள்ளியின் ஆண்டு நாட்காட்டியில் ஒட்டிக்கொண்டது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை வெள்ளிக்கிழமை பள்ளி மண்டபத்தில் தங்க வைத்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் அனுப்புவார்கள். விடை எழுதும் உத்தி, பழைய வினாத்தாள், நடுநடுவே கைதட்டும் பாட்டு.

இந்த முகாம்களில் நடக்கும் ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடைசி இரவு. சாப்பாடு முடிந்ததும் விளக்குகளை அணைப்பார்கள். வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு மெழுகுவத்தி. ஒலிபெருக்கியில் சோகமான இசை. ஒருவர் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்குவார். உன் அம்மா விடியற்காலையில் எழுந்து வெட்டுக்காட்டுக்குப் போகிறாள், கையெல்லாம் புண், உனக்காகத்தான், நீ என்ன செய்தாய், நாளை நீ வீட்டுக்குப் போகும்போது அம்மா உயிரோடு இல்லை என்றால் என்ன செய்வாய்... முதலில் ஒரு பிள்ளை விசும்பும், பிறகு மண்டபமே கதறும். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். தாயை உண்மையிலேயே இழந்த பிள்ளை ஒன்று அந்தக் கூட்டத்தில் இருக்கக்கூடும் என்பது யாருக்கும் தோன்றாது. மறுநாள் காலையில் பெற்றோரை வரவழைத்துக் காலைக் கழுவிப் பாதபூஜை. பிள்ளையும் அழும், பெற்றோரும் அழுவார்கள், "நல்ல முகாம்" என்று சொல்லி வீடு திரும்புவார்கள்.

நல்லதல்ல என்பதே என் கருத்து. முதல் முறையாக வீட்டை விட்டுத் தூங்கும் பிள்ளைக்கு இருட்டில் வருகிற முதல் எண்ணமே 'அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ' என்பதுதான். அந்த எண்ணத்தை ஆற்ற வேண்டியவர்களே கிளறிவிட்டால், இனி எந்த முகாமுக்கும் போகமாட்டேன் என்று பிள்ளை சொல்வதில் வியப்பில்லை. பெற்றோர் படும் பாடு பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு நாள் அம்மாவின் வேலையிடத்துக்கு அழைத்துப் போனால் போதும். யு.பி.எஸ்.ஆர். 2021-இல் ரத்தாகிவிட்டது. முகாமுக்குச் சொல்லப்பட்ட காரணம் போய்விட்டது. அழவைக்கும் பழக்கம் மட்டும் சில இடங்களில் இன்னும் போகவில்லை.

தேசிய சேவைப் பயிற்சியையும் சொல்லாமல் விட முடியாது. 2004-இல் அரசாங்கம் பதினெட்டு வயதுப் பிள்ளைகளைக் கணினி மூலம் தேர்ந்தெடுத்து மூன்று மாத முகாமுக்கு அனுப்பத் தொடங்கியபோது, கடிதம் வந்த வீடுகளில் நிலவிய கலக்கம் பலருக்கும் நினைவிருக்கும். போகாமல் இருப்பது சட்டப்படி குற்றம். பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பியே பழகாத குடும்பங்கள் பேருந்து நிற்கும் இடத்தில் திகைத்து நின்றன. முகாம்களில் சில மரணங்கள் நிகழ்ந்தபோது அந்தப் பயம் இன்னும் ஆழமானது. அதே நேரம், அங்கே போய் முதன்முதலாக மலாய், சீனத் தோழர்களோடு ஒரே அறையில் படுத்து எழுந்து, துணிவோடு திரும்பி வந்த பிள்ளைகளையும் நாம் பார்த்தோம். 2018-இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. 2025-இல் 45 நாள் பயிற்சியாகத் திரும்ப வந்திருக்கிறது.

இடையில் நடந்தது பத்தாங் காலி நிலச்சரிவு. 2022 டிசம்பர் 16, அதிகாலை இரண்டரை மணியளவில், கெந்திங் போகும் மலைச்சாலையோரத்தில் இருந்த ஒரு முகாம் தளத்தின் மீது மண் சரிந்தது. பள்ளி விடுமுறை என்பதால் குடும்பம் குடும்பமாக வந்து கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். சிக்கியவர்கள் 92 பேர். 61 பேர் உயிர் பிழைத்தார்கள். 31 பேர் இறந்தார்கள், அவர்களில் பிள்ளைகளும் உண்டு. பெற்றோரோடு தூங்கிய பிள்ளைகள். அது இயற்கை வேளாண்மைக்கு அனுமதி பெற்ற நிலம். முகாம் நடத்த உரிமம் இல்லை என்று அதிகாரிகள் பின்னர் சொன்னார்கள். நாட்கணக்கில் பெய்த மழையில் சாலையோரச் சரிவு இளகி இருந்தது. அதற்குப் பிறகு ஆற்றோர, மலையோர முகாம்கள் மூடப்பட்டன. உரிமத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். சில மாதங்களில் பேச்சு அடங்கியது. மழைக்காலத்தில் உலு சிலாங்கூரின் அருவிகளில் 'கெப்பாலா ஆயர்' என்னும் திடீர் வெள்ளம் எப்போது திரளும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேலே மலையில் பெய்யும் மழை கீழே குளிப்பவனுக்குத் தெரியாது.

இவ்வளவையும் மனத்தில் சுமந்துகொண்டுதான் இன்றைய தாய் முகாம் கடிதத்தைக் கையில் எடுக்கிறாள். பிள்ளையின் பையில் மடிந்து கசங்கி வந்த ஒற்றைத் தாள். மலாய்மொழியில் 'பெற்றோர் சம்மதக் கடிதம்'. பெயர், அடையாள அட்டை எண், ஒவ்வாமை உண்டா, நீச்சல் தெரியுமா, அவசரத்துக்கு யாரை அழைப்பது. கீழே, எதிர்பாராமல் ஏதும் நேர்ந்தால் ஏற்பாட்டாளரைப் பொறுப்பாக்க மாட்டேன் என்று ஒரு வரி, அதற்கும் கீழே கையெழுத்துக் கோடு. தனியார் நடத்தும் முகாம் என்றால் சில நூறு வெள்ளிக் கட்டணமும் சேரும். அவள் பாட்டிக்கு இப்படி ஒரு தாள் வந்ததே இல்லை. லயமே பார்த்துக்கொண்டது, அல்லது பார்க்கத் தவறியது. இன்று ஒரு கையெழுத்தில் எல்லாப் பொறுப்பும் அவள் ஒருத்தி தலையில்.

கையெழுத்துப் போடு என்றே நான் சொல்வேன். ஆனால் போடுவதற்கு முன் பேசு. தாளில் இல்லாததைக் கேள். இரவு பத்து மணிக்கு மேல் பிள்ளைகளோடு யார் இருப்பார்கள்? பெண் பிள்ளைகள் தூங்கும் இடத்தில் பெண் ஆசிரியர் தங்குகிறாரா, அல்லது இரவு வீட்டுக்குப் போய்விட்டுக் காலையில் வருகிறாரா? உதவிக்கு வரும் கல்லூரிப் பையன்கள் யார், யார் அவர்களைத் தெரிந்து அழைத்தது? ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியே கதவடைத்து இருக்கக்கூடாது என்ற விதி உண்டா? இடத்துக்கு ஊராட்சியின் உரிமம் இருக்கிறதா, மழை கொட்டினால் பிள்ளைகள் எங்கே மாற்றப்படுவார்கள்? இப்படிக் கேட்டால் சில ஏற்பாட்டாளர்களுக்கு முகம் சுருங்கும். "என்னம்மா, எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்பார்கள். நல்ல முகாம் நடத்துகிறவர் அப்படிச் சொல்லமாட்டார். அவரிடம் பதில் ஏற்கெனவே தயாராக இருக்கும்.

லயத்துக் காலத்தில் இல்லாத ஒரு பலம் இன்று நமக்கு இருக்கிறது. 2017-இல் வந்த சிறார் பாலியல் குற்றச் சட்டம், ஆசிரியர், விடுதிக் காப்பாளர், பயிற்றுநர் போல நம்பிக்கைக்குரிய நிலையில் இருப்பவர் தவறு செய்தால் கூடுதல் தண்டனை என்கிறது. தெரிந்தும் போலீசுக்குத் தெரிவிக்காமல் மறைப்பதும் அந்தச் சட்டப்படி குற்றம். 15999 என்ற எண்ணை அழைத்தால் தாலியான் காசே உதவிச் சேவை துணைக்கு வரும். அந்த எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும், அம்மாவின் கைப்பேசி எண்ணோடு சேர்த்து. 'மானம் போய்விடும்' என்று வாயைப் பொத்திய காலத்தின் வேதனையை அறிந்தவர்கள் இதன் அருமையை உணர்வார்கள்.

பெண் பிள்ளை விஷயத்தில் இன்னும் ஒன்று. ஒரே வீட்டில் அண்ணனுக்கு உடனே கையெழுத்து விழுகிறது. தங்கைக்கு, "நீ பெரிய பிள்ளையாயிட்ட, வேணாம்" என்ற பதில். பத்து, பதினொரு வயதில் பருவமடைகிற காலம் இது. முகாமில் மாதவிலக்கு வந்துவிட்டால் என்ன செய்வாள் என்று அம்மா தவிக்கிறாள். அதை ஆசிரியையிடம் நேரே கேட்கக் கூச்சப்படுகிறாள். கேட்டுவிடலாம். துணியும் நாப்கினும் எங்கே வைத்திருக்கிறேன் என்று பிள்ளைக்குக் காட்டிவிடலாம். அதற்காக அவளை வீட்டில் நிறுத்தினால், உடம்பு என்பது வெளியே போவதற்குத் தடை என்று அவளுக்கு நாமே கற்பிக்கிறோம். தோட்டத்தில் அவள் பாட்டி பெரியவளான பிறகும் இருட்டோடு எழுந்து வெட்டுக்காட்டுக்குத் தனி நெரையில் போனவள்தான்.

பிள்ளை தயாரா என்பதைப் பற்றியும் ஓரளவு தெளிவு வந்திருக்கிறது. வீட்டு நினைப்பைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த கிறிஸ்டோபர் தர்பர், எட்வர்ட் வால்டன் இருவரும் 2007-இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் எழுதியதன் சாரம் எளிமையானது. வீட்டு நினைப்பு ஏறக்குறைய எல்லாப் பிள்ளைக்கும் வரும், அது நோயல்ல. போவதா என்ற முடிவில் பிள்ளைக்கும் பங்கு இருந்தால் அது குறையும். முன்னதாக ஓரிரு இரவு வேறு வீட்டில் தங்கிப் பழகினால் இன்னும் குறையும். "பிடிக்கலைன்னா ஒரு போன் பண்ணு, அப்பா ஓடி வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுப்பதுதான் கெடுதல். உன்னால் முடியாது என்று நான் எதிர்பார்க்கிறேன் என்பதாக அது பிள்ளையின் காதில் விழுகிறது. நம் ஆட்கள் பாசத்தில் முதலில் சொல்வதே அதைத்தான். அதற்குப் பதில், "ராத்திரி அம்மா நினைப்பு வரும், எல்லாருக்கும் வரும், கொஞ்ச நேரத்துல போயிரும். யாராவது தப்பா நடந்தா, உடம்புக்கு முடியலைன்னா, உடனே டீச்சர்கிட்ட சொல்லு, அவங்க கேக்கலைன்னா எனக்குப் போன் பண்ணச் சொல்லு" என்று இரண்டையும் பிரித்துச் சொல்லலாம். ஏக்கம் வேறு, ஆபத்து வேறு. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் புரியும்.

சித்தி வீட்டில் ஓர் இரவு, பிறகு தாத்தா வீட்டில் இரண்டு இரவு என்று பழக்கலாம். லயத்தில் தானாக நடந்ததை இப்போது திட்டமிட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவே. பையையும் பிள்ளையே கட்டட்டும். அம்மா உள்ளே பார்த்துவிட்டு ஒரு கைலி, கோடாலித் தைலம், மைலோ பொட்டலம் சேர்த்து வைப்பாள், வைக்கட்டும்.

எந்த முகாம் என்பதில் எனக்கு ஓர் ஆசை உண்டு. கோல சிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தியின் அடிவாரத்தில், கடலோரச் சதுப்புக் காட்டை ஒட்டி, 1987-இல் மலேசிய இயற்கைச் சங்கத்தின் முயற்சியில் உருவான இயற்கைப் பூங்கா இருக்கிறது. பெஸ்தாரி ஜெயாவிலிருந்து அரை மணி நேரப் பயணம். மரப்பலகை நடைபாதையில் போனால் சேற்றில் துள்ளும் மீன், ஒற்றைக் கொடுக்கு பெருத்த நண்டு, கரைப்பறவைகள். குன்றின் மேல் சாம்பல் நிற லூத்தோங் குரங்குகள். அவற்றின் குட்டிகள் மட்டும் பொன்னிறம். சற்றுத் தொலைவில் கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகேறினால், ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரமாயிரம் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி அணையும். உலகத்தின் பல மூலைகளிலிருந்து விமானம் ஏறி வந்து அதைப் பார்க்கிறார்கள். நம் தமிழ்ப்பள்ளி முகாம்களோ மண்டபத்துக்குள் விளக்கை அணைத்து மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருக்கின்றன.

இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் பலவற்றில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவு. ஒரு பள்ளி தனியாக முகாம் நடத்தினால் செலவு தாங்காது. நான்கைந்து தோட்டப் பள்ளிகள் சேர்ந்தால் ஒரு பேருந்து நிறையும். யு.பி.எஸ்.ஆர். நெருக்கடியும் இப்போது இல்லை. இரண்டு இரவு, மேடைப் பேச்சாளர் இல்லாமல், சதுப்பு நிலத்தை அறிந்த ஒரு வழிகாட்டியோடும், இரவும் கூடவே தங்கும் ஆசிரியைகளோடும், மழைக்காலம் தவிர்த்த ஒரு விடுமுறையில் நடத்தலாம். தென்னமராத்திலும் ராஜா மூசாத் தோட்டத்திலும் மங்கு துடைத்த தாத்தா பாட்டிகளில் நடக்க முடிந்தவர்களையும் உடன் அழைத்துப் போகலாம்; எது கடித்தால் எந்தச் செடி மருந்து என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு நம் பயிற்றுநர்களுக்குத் தெரியாது. கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளின் பங்கைக் கோயில் நிர்வாகங்களும் முன்னாள் மாணவர்களும் ஏற்க வேண்டும்; யார் பங்கை யார் கட்டினார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலேயே இதை எழுப்பலாம். அந்தக் கூட்டத்துக்கு அப்பாக்களும் வரவேண்டும்.